நேச்சுரல் கேஸ் விலை இறங்கியும் உர மூடை விலை இறங்கவில்லையே, ஏன்? (குமரி மாவட்ட விவசாயிகள் பதில் சொல்லவும்)

அருமனை_வாழை (2024 அக்டோபர்)

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம், தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

2022இல் ரஷ்யா–உக்ரைன் சண்டை வந்ததும் கேஸ் விலை ஏறிவிட்டது, அதனால் உரமும் ஏறும் என்றார்கள். ஏறியது, ஏற்றுக்கொண்டோம். இப்போது அந்த கேஸ் விலை எங்கேயோ இறங்கிப் போயிற்று என்று பேப்பரில் வருகிறது. ஆனால் எங்கள் பக்கத்துக் கடையில் பாக்டம்பாஸ் என்கிற காம்ப்ளக்ஸ் உரம் மூடை 1,350, பொட்டாஷ் 1,550. யூரியா மட்டும் 266 ரூபாய் 50 காசு, அதில் மாற்றமே இல்லை. ஏறும்போதும் ஏறவில்லை, இறங்கும்போதும் இறங்கவில்லை. ஆனால் கேட்டால் "லோடு வரட்டும்" என்கிறார்கள்.

நேந்திரனும் கொஞ்சம் மட்டியும் போட்டிருக்கிறேன். வாழைக்கு உரம் வைக்காமல் குலை எதிர்பார்க்க முடியாது. கேஸ் ஏறினால் நாம் கொடுக்கிறோம், இறங்கினால் அந்தக் காசு யார் கைக்குப் போகிறது? இதுதான் கேள்வி.

---

ரப்பர்_குலசேகரம்

சிலிண்டர் விலையே குறையவில்லை, நீங்க உரத்துக்குக் கேட்கிறீங்க அண்ணே.

---

தக்கலை_ரிட்டயர்டு

தம்பி குலசேகரம், அடுப்புக்கு வருவது எல்பிஜி. புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. உரத் தொழிற்சாலைக்குப் போவது மீத்தேன், அதுதான் நேச்சுரல் கேஸ். இரண்டுக்கும் சந்தை வேறு, விலை வேறு.

நான் யூரியா பிளாண்டில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், ஊர் தக்கலை. சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றில் நைட்ரஜன் சும்மா கிடக்கிறது, காசு கிடையாது. அதைப் பிடித்து அமோனியா ஆக்க ஹைட்ரஜன் வேண்டும். அந்த ஹைட்ரஜனைத்தான் மீத்தேனை நீராவியோடு சேர்த்துச் சூட்டில் உடைத்து எடுக்கிறோம். உடைக்கும்போது வருகிற கார்பன் டை ஆக்சைடையும் விடுவதில்லை, அமோனியாவோடு திரும்பச் சேர்த்தால் யூரியா. ஆக, கேஸ் அடுப்புக்கு விறகு மாதிரி மட்டும் இல்லை, அதுவேதான் அரிசியும். யூரியாவின் அடக்கவிலையில் முக்கால் பங்கு வரை கேஸ்தான் என்று சொல்வது இதனால்தான்.

கணக்கு இப்படி. நம் நாட்டு பிளாண்டுகளுக்கு ஒரு டன் யூரியாவுக்கு 5.5 முதல் 6.5 கிகா கலோரி வரை என்று 2015 கொள்கையில் அளவு வைத்திருக்கிறார்கள். இது வெப்ப அளவு. கேஸை விற்கிற வெப்ப அளவான எம்எம்பிடியுவில் சொன்னால் ஏறக்குறைய 22 முதல் 26. நடுவில் 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஒரு எம்எம்பிடியு 10 டாலர் என்றால் யூரியா டன்னுக்கு 240 டாலர், இன்றைய ரேட்டில் இருபதாயிரம் ரூபாய். 45 கிலோ மூடைக்கு 900 ரூபாய்க்கு கேஸ் மட்டும். கரண்ட், சம்பளம், சாக்கு, லாரி எதுவும் இதில் சேரவில்லை.

நீங்கள் கொடுப்பது 266.50. கேஸ் ஒரு டாலர் ஏறினால் மூடைக்கு 90 ரூபாய் அடக்கம் ஏறும், ஆனால் உங்களுக்கு ஒரு பைசா ஏறாது. அந்த வித்தியாசம் முழுக்க டெல்லி கொடுக்கும் மானியக் கணக்கு.

---

அருமனை_வாழை

அண்ணாச்சி, யூரியா சரி. பாக்டம்பாஸுக்கு?

---

தக்கலை_ரிட்டயர்டு

வருகிறேன், அங்கேதான் சமாச்சாரமே இருக்கிறது. பேரனை டியூஷனில் இருந்து கூட்டிவர வேண்டும், இரவு எழுதுகிறேன்.

---

கருங்கல்_கத்தார்

அண்ணாச்சி வரும் வரை நான் ஒன்று சொல்கிறேன். நான் கத்தாரில் ராஸ் லாஃபான் கேஸ் துறைமுகத்தில் வேலை பார்க்கிறேன். இந்தியாவுக்கு எல்என்ஜி கப்பல் அதிகமாகப் போவது இங்கிருந்துதான். கேஸை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்தால் திரவமாகிவிடும், 600 பங்கு இடம் ஒரு பங்காகச் சுருங்கும். அதைக் கப்பலில் ஏற்றி அங்கே திரும்ப கேஸாக்கிக் குழாயில் விடுகிறார்கள்.

விலை விஷயத்தில் எல்லோரும் தவறவிடுவது ஒன்று. பேப்பரில் வருகிற விலை ஸ்பாட் விலை, அதாவது அன்றன்றைக்கு ஏலம் போகிற கப்பலின் விலை. 2022 ஆகஸ்டில் ஐரோப்பாவில் ஒரு மெகாவாட் மணிக்கு 300 யூரோவுக்கு மேல் போனது அதுதான். ஐரோப்பாவில் நிறைய உரக் கம்பெனிகள் அமோனியா பிளாண்டை மூடிவிட்டு உட்கார்ந்தன. ஆனால் இந்தியா வாங்குவதில் பெரும்பகுதி வருஷக்கணக்கில் போட்ட ஒப்பந்தம், அதில் விலை கச்சா எண்ணெயோடு கட்டியிருக்கும். கச்சா எண்ணெய் 80 டாலர் என்றால் கேஸ் பத்து டாலர் பக்கம் வரும். ஆகவே ஸ்பாட் அறுபது டாலர் போனபோது நமக்கு அறுபதும் ஆகவில்லை, இப்போது இறங்கியதும் நமக்கு அந்த அளவு இறங்காது.

இங்கே எங்கள் கேம்பில் குமரி மாவட்டத்துக்காரர்கள் நிறைய. பாதிப் பேருக்கு ஊரில் ரப்பரோ தென்னையோ இருக்கிறது. நாங்கள் ஏற்றி அனுப்புகிற கேஸ் உரமாகி எங்கள் விளைக்கே (தோட்டத்துக்கே) போகிறது என்று அவர்களுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

---

தேரூர்_வயல்

விலை கிடக்கட்டும், சரக்கைப் பற்றிப் பேசுங்கள்.

நான் நெல் போடுகிறவள். கும்பப்பூ, அதாவது இரண்டாம் போக நடவு முடிந்து இருபது இருபத்தைந்து நாளில் முதல் மேலுரம் போட வேண்டும். அந்த ஒரு வாரத்தில் யூரியா இல்லை என்றால் பிறகு எத்தனை மூடை கொட்டினாலும் போன தூர் திரும்ப வராது. போன பூவுக்குச் சொசைட்டிக்குப் போனால் இருப்பு இல்லை. தனியார் கடை ஒன்றுக்குப் போனால் யூரியா இருக்கிறது, ஆனால் கூடவே ஒரு நானோ யூரியா பாட்டிலும் ஏதோ நுண்ணூட்டப் பொடியும் வாங்கினால்தான் தருவாராம். 266 ரூபாய் மூடைக்கு எனக்கு ஆன செலவு ஐந்நூறைத் தாண்டியது. பில்லில் எல்லாம் சரியாக இருக்கிறது, எங்கே போய்ச் சொல்ல?

அண்ணாச்சி சொன்ன கணக்குப்படி எனக்கு ஒரு பைசா ஏறவில்லை. என் பர்ஸ் அப்படிச் சொல்லவில்லை.

---

மார்த்தாண்டம்_உரக்கடை

கடைக்காரன் பக்கமும் கேளுங்க அக்கா. நான் உங்களுக்குப் பாட்டில் கட்டிக்கொடுத்த ஆள் இல்லை, ஆனால் அது எப்படி நடக்கிறது என்று தெரியும்.

யூரியாவில் கடைக்கு மார்ஜின் டன்னுக்கு 354 ரூபாய். மூடைக்குப் பதினாறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இறக்குகூலி, கடை வாடகை, சாக்கு கிழிந்து சிந்துகிறது, மழைக்காலத்தில் கட்டி பிடிக்கிறது. ஆதார் கைரேகை மெஷின் சிக்னல் கிடைக்காமல் அரை நாள் நின்றால் வியாபாரம் நிற்கும். இதில் எங்களுக்கு மேலே இருக்கிறவர்கள் "யூரியா பத்து டன் வேண்டுமா, இந்தச் சரக்கும் இவ்வளவு எடு" என்பார்கள். எடுக்காவிட்டால் அடுத்த லோடு வேறு கடைக்குப் போகும். எடுத்த சரக்கை நான் என்ன செய்ய, வீட்டில் வைத்துக் குடிக்கவா? அப்படி இணைத்து விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நடக்கிறது.

கேஸ் விலைக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. அடக்கவிலைக்கும் விற்பனை விலைக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் இடைவெளி வந்துவிட்டால் அந்தப் பொருளை நேர்வழியில் விற்று யாரும் சம்பாதிக்க முடியாது. கூட இன்னொன்றைக் கட்டித்தான் ஓட்டுவார்கள். அதோடு 266 ரூபாய் மூடையைப் பிளைவுட் பசை செய்கிறவர்களும் தேடுகிறார்கள். 2015இல் எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய் பூச வைத்தது பாதி அதைத் தடுக்கத்தான்.

---

தேரூர்_வயல்

சரி, அடுத்த பூவுக்கு உங்கள் கடைக்கு வருகிறேன். பாட்டிலைக் கண்ணில் காட்டக் கூடாது.

---

ரப்பர்_குலசேகரம்

நானோ யூரியா உண்மையில் வேலை செய்யுமா? எங்கள் பக்கத்தில் ஒருவர் டிரோன் வைத்து அடித்தார். பார்க்க நல்ல காட்சியாக இருந்தது.

---

தக்கலை_ரிட்டயர்டு

நானோவைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அரை லிட்டர் பாட்டிலில் இருக்கும் தழைச்சத்தின் (நைட்ரஜன்) எடையைப் பாருங்கள், 45 கிலோ மூடையில் இருப்பது 20 கிலோவுக்கு மேல். இலைவழி எவ்வளவு சிக்கனமாகப் போனாலும் இந்த இடைவெளியை எதை வைத்து நிரப்புவது? பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் வயலில் போட்டுப் பார்த்து, பாதி யூரியாவுக்குப் பதில் அதைக் கொடுத்தால் நெல்லிலும் கோதுமையிலும் மகசூல் குறைகிறது என்று சொல்லிவிட்டது. இலைவழித் தெளிப்பாக, கூடுதலாக வேண்டுமானால் அடியுங்கள். மூடைக்கு மாற்று என்று நம்பி வயலைப் பட்டினி போடாதீர்கள்.

இனி பாக்டம்பாஸ். அருமனை தம்பி, கவனமாகப் பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் இதில்தான்.

யூரியாவுக்கு அரசு விலையை நிறுத்தி வைத்துவிட்டு மானியத்தை ஏற்றி இறக்குகிறது. டிஏபி, பொட்டாஷ், காம்ப்ளக்ஸ் எல்லாவற்றுக்கும் 2010 ஏப்ரலில் இருந்து அது தலைகீழ். சத்துக்கு இவ்வளவு என்று மானியத்தை அறிவித்துவிட்டு விலையைக் கம்பெனி கையில் விடுகிறார்கள்.

2022 அக்டோபரில் தொடங்கிய பருவத்துக்கு ஒரு கிலோ தழைச்சத்துக்கு மானியம் 98 ரூபாய் 2 காசு. மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) 66.93. சாம்பல்சத்துக்கு (பொட்டாசியம்) 23.65. இந்த அக்டோபரில் தொடங்கும் பருவத்துக்குத் தழை 43.02, மணி 30.80, சாம்பல் 2.38. இரண்டு வருஷம்தான் இடைவெளி.

பாக்டம்பாஸ் 20-20-0-13, அதாவது தழை, மணி, சாம்பல், கந்தகம் இவற்றின் சதவீதம். ஐம்பது கிலோ மூடையில் பத்து கிலோ தழை, பத்து கிலோ மணி. தழைக்கு 550 ரூபாய், மணிக்கு 361 ரூபாய், கந்தகத்துக்கு ஒரு முப்பது ரூபாய். மொத்தம் மூடைக்கு 940 ரூபாய் மானியம் குறைந்திருக்கிறது.

அந்தப் பக்கம் என்ன மிச்சம்? பத்து கிலோ தழைக்கு 12 கிலோ அமோனியா வேண்டும். 2022இல் உலகச் சந்தையில் அமோனியா டன் ஆயிரம் டாலரைத் தாண்டி ஓடியது, மூடைக்கு ஆயிரம் ரூபாய் அமோனியாவுக்கே. இப்போது அதில் பாதிக்கும் கீழே. பாஸ்பாரிக் ஆசிட், கந்தகமும் இறங்கின. கேஸ் இறங்கியதில் மிச்சப்பட்டதை அரசு மானியத்தைக் குறைத்து எடுத்துக்கொண்டது. கம்பெனிக்கு மிச்சம் பெரிதாக இல்லை, உங்களுக்குச் சுத்தமாக இல்லை. யார் கைக்குப் போனது என்று கேட்டீர்களே, பட்ஜெட்டுக்குப் போனது. 2022-23இல் உர மானியம் இரண்டரை லட்சம் கோடியைத் தாண்டியது, அதை எப்படியாவது இறக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு.

---

அருமனை_வாழை

இப்போதுதான் தெளிவாகிறது அண்ணாச்சி. அப்போ பொட்டாஷுக்கும் இதேதானா? அதற்கும் கேஸுக்கும் என்ன தொடர்பு?

---

தக்கலை_ரிட்டயர்டு

பொட்டாஷ் பூமிக்குள் இருந்து வெட்டி எடுக்கிற உப்பு. அமோனியா கிடையாது, கேஸுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. கனடா, ரஷ்யா, பெலாரஸ் இந்த மூன்றும்தான் பெரிய கைகள். நம் நாட்டில் அதற்குச் சுரங்கம் இல்லை, முழுக்க இறக்குமதி. ரஷ்யா, பெலாரஸ் மீதான தடைகளால் 2022இல் மூடை 1,700 வரை போனது.

மானியத்தை மட்டும் பாருங்கள். ஐம்பது கிலோ மூடையில் 30 கிலோ சாம்பல்சத்து. அன்றைக்கு மானியம் 710 ரூபாய், இன்றைக்கு 71 ரூபாய். ஒரு பூஜ்யத்தை எடுத்துவிட்டார்கள். உலகச் சந்தையில் விலை பாதிக்கும் கீழே வந்த பிறகும் நீங்கள் 1,550 கொடுப்பது இதனால்தான்.

நம் மாவட்டத்துக்கு இதுதான் முக்கியம். வாழைக்குத் தழையைவிடச் சாம்பல்சத்து இரண்டு மடங்குக்குக் குறையாமல் வேண்டும். தென்னைக்குச் சிபாரிசு மரம் ஒன்றுக்கு வருஷத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. விலை போட்டுப் பாருங்கள். யூரியா எட்டு ரூபாய்க்கும் கீழே. சூப்பர் இருபத்து மூன்று. பொட்டாஷ் அறுபத்திரண்டு. கேஸ் விலை இரண்டு மடங்கு ஆனாலும் தென்னைக்காரருக்கு அந்த எட்டு ரூபாய் எட்டு ரூபாயாகவே இருக்கும். அவரை அடிப்பது பொட்டாஷ்.

---

தோவாளை_இயற்கைவழி

இவ்வளவு நேரம் படித்தேன். கத்தார் கேஸ், கனடா உப்பு, மொராக்கோ பாஸ்பேட் பாறை. ஒரு வாழை மூட்டுக்கு உலகம் முழுக்கச் சுற்ற வேண்டுமா? மாட்டுச் சாணம், கொழிஞ்சி, தக்கைப்பூண்டு இதெல்லாம் நம் தாத்தாக்கள் போட்டதுதானே. இந்தச் சங்கிலியில் இருந்து வெளியே வர வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லையே.

---

தேரூர்_வயல்

தாத்தா போட்டார், சரி. தாத்தா வீட்டில் எத்தனை மாடு நின்றது, உங்கள் வீட்டில் எத்தனை நிற்கிறது? எங்கள் ஏலாவில் (வயல் பரப்பில்) உழவு மாடு என்று ஒன்று கிடையாது, எல்லாம் டிராக்டர். சாணம் ஒரு டெம்போ என்ன விலை என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள், அதுவும் பாதி மண்.

தக்கைப்பூண்டு நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் போகமான கன்னிப்பூ அறுத்து முடித்துக் கும்பப்பூ நடவுக்கு இடையில் கிடைக்கிற நாளில் அதை விதைத்து வளர்த்து மடக்கி உழ வேண்டும். சானலில் தண்ணீர் எப்போது விடுவார்கள் என்பது நம் கையில் இல்லை. பக்கத்திலேயே இலங்கையில் 2021இல் ஒரே உத்தரவில் ரசாயன உரத்தை நிறுத்தினார்கள். அதே வருஷம் நவம்பருக்குள் திரும்ப வாங்க வேண்டி வந்தது.

---

தோவாளை_இயற்கைவழி

ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை அக்கா. நான் சொல்வது பாதிக்குப் பாதி.

---

தேரூர்_வயல்

பாதிக்குப் பாதி என்றால் பேசலாம். தழைச்சத்து தரும் அசோலா பெரணியை நான் வயலில் விடுகிறேன். திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இலை வண்ண அட்டை கிடைத்தது. பச்சை நிறத்தை அட்டையோடு ஒத்துப் பார்த்து, வெளுத்தால் மட்டும் யூரியா போடுவது. அதில் கொஞ்சம் மிச்சமாகிறது. பக்கத்து வயல்காரர் கரும்பச்சையாக வைத்திருப்பார், பிறகு இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து அடிப்பார். மலிவாகக் கிடைக்கிறது என்று கொட்டினால் இப்படித்தான்.

---

ரப்பர்_குலசேகரம்

எங்கள் பக்கக் கதை வேறு. பால் வெட்டுகிற ரப்பருக்கு வருஷத்தில் இரண்டு தடவை கொஞ்சமாக உரம் வைப்போம், விலை நன்றாக இருந்தால். ஆகஸ்டில் ரப்பர் ஷீட் கிலோ 240 தாண்டியபோது எல்லோரும் உரம் வைக்க ஓடினார்கள். இப்போது ரேட் இறங்க இறங்க "அடுத்த மழைக்குப் பார்ப்போம்" என்கிறார்கள்.

ஆனால் அமோனியா எங்களுக்கு வேறு வழியில் வருகிறது. ஷீட் அடிக்காமல் பாலாகவே விற்கிறவர்கள் பீப்பாயில் அமோனியா கலந்துதான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டியாகிவிடும். சென்ட்ரிஃப்யூஜ் கம்பெனிக்காரர்களும் கையுறை, பலூனுக்கு அனுப்புகிற லேட்டக்ஸில் அமோனியா சேர்க்கிறார்கள். 2022இல் அமோனியா ஏறியபோது பால் எடுக்கிறவர் "கெமிக்கல் செலவு" என்று கிலோவுக்குக் கொஞ்சம் பிடித்தார். இறங்கிய பிறகும் பிடிக்கிறார். அருமனை அண்ணன் கேட்ட அதே கேள்வி எனக்கும் இருக்கிறது, ஆனால் இங்கே மானியம் என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

---

கருங்கல்_கத்தார்

நம் ஊர்ப் பக்கத்திலேயே கேஸ் இருக்கிறதே, அது எங்கே போகிறது? ராமநாதபுரத்தில் ஓஎன்ஜிசி எடுக்கிறது என்று படித்தேன்.

---

தக்கலை_ரிட்டயர்டு

நல்ல கேள்வி. ராமநாதபுரத்தில் இருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் குழாய் போட்டு 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலை அதற்கு முன்னால் நாப்தாவில் ஓடியது. நாப்தா என்றால் பெட்ரோலுக்குத் தம்பி மாதிரி, விலையும் அப்படி. குழாய் வந்த பிறகு கேஸுக்கு மாறினார்கள். மணலி எம்எஃப்எல் உர ஆலை எண்ணூர் எல்என்ஜி முனையம் வந்ததும் 2019இல் மாறியது. ஆலுவா பக்கம் இருக்கும், பாக்டம்பாஸ் செய்கிற ஃபாக்ட் 2013இல் கொச்சிப் புதுவைப்பில் முனையம் வந்த பிறகு மாறியது.

ஃபாக்ட் கதை சுவாரஸ்யம். 1943இல் திருவிதாங்கூர் காலத்தில் தொடங்கியது, 1947இல் உற்பத்தி. அப்போது நம் ஊரும் திருவிதாங்கூர்தான். கேஸும் இல்லை நாப்தாவும் இல்லை, விறகை எரித்து அதிலிருந்து வாயு எடுத்து அமோனியா செய்தார்கள். பிளாண்டில் சேர்ந்த புதிதில் எங்கள் சீனியர் ஒருவர் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை, பிறகு தேடிப் படித்தேன். உண்மைதான்.

உள்நாட்டு கேஸுக்கு அரசு விலை நிர்ணயம் செய்கிறது. 2021 அக்டோபரில் 2.90 டாலர், அடுத்த ஏப்ரலில் 6.10, அடுத்த அக்டோபரில் 8.57. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு. 2023 ஏப்ரலில் அதற்கு 6.50 என்று உச்சவரம்பு போட்டார்கள். ஆனால் ராமநாதபுரத்து கேஸ் மலிவு என்பதற்காகத் தூத்துக்குடி யூரியா நமக்கு மலிவாகக் கிடைக்காது. நாடு முழுக்க எல்லா யூரியா பிளாண்டுக்கும் உள்நாட்டு கேஸ், இறக்குமதி கேஸ் இரண்டையும் சேர்த்துச் சராசரி விலை போடுகிறார்கள், 2015இல் இருந்து. சரக்கு பக்கத்தில் இருக்கிறது என்ற ஒரு நன்மைதான், லாரி சீக்கிரம் வரும்.

---

அருமனை_வாழை

இவ்வளவும் புரிந்தது. இனி நான் என்ன செய்ய? பாக்டம்பாஸை விட்டுவிட்டு யூரியாவும் சூப்பரும் கலந்து போட்டால் மிச்சமாகுமா?

---

தக்கலை_ரிட்டயர்டு

ஆகும். ஒரு மூடை பாக்டம்பாஸுக்குச் சமமாக வேண்டும் என்றால் யூரியா 21.7 கிலோ, 16 சதவீத சூப்பர் 62.5 கிலோ. யூரியா 129 ரூபாய். சூப்பர் மூடை 580 என்று போட்டால் 725. மொத்தம் 854. உங்கள் பாக்டம்பாஸ் 1,350. ஐந்நூறு ரூபாய் வித்தியாசம், கந்தகமும் சூப்பரில் வந்துவிடுகிறது. சூப்பரில் அமோனியாவே இல்லை, பாறைத்தூளில் சல்பியூரிக் ஆசிட் விட்டுச் செய்வது. யூரியா விலை நிறுத்திவைத்த விலை. ஆக கேஸ் எங்கே போனாலும் இந்தக் கலவையைத் தொடாது.

இரண்டையும் முந்தின நாளே கலந்து வைக்காதீர்கள், ஈரம் விட்டுக் கஞ்சியாகிவிடும். விளையில் வைத்துக் கலந்து அப்போதே போட்டுவிட வேண்டும்.

---

ரப்பர்_குலசேகரம்

கணக்கு சரி அண்ணாச்சி, மலை ஏறுவது யார்? 50 கிலோ சுமக்க வேண்டிய இடத்தில் 84 கிலோ. எங்கள் பக்கம் ரோட்டில் இருந்து தோட்டத்துக்குத் தலைச்சுமடுதான். ஆள் கூலி கேட்டால் அந்த ஐந்நூறில் பாதி போய்விடும். அருமனை அண்ணனுக்கு வண்டி விளைக்குள் போகுமா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

எங்களுக்கு மண் புளிப்பு, மணிச்சத்துக்கு ராக் பாஸ்பேட்டே போதும். அதிலும் அமோனியா இல்லை.

---

அருமனை_வாழை

டெம்போ உள்ளே வரும். மிச்சம் மிச்சம்தான்.

---

தக்கலை_ரிட்டயர்டு

ஒரு கருத்தை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன், திட்டாதீர்கள். யூரியா விலையை மூடைக்கு ஒரு நூறு ரூபாய் ஏற்றி, அந்தப் பணத்தைப் பொட்டாஷ் மானியத்துக்குத் திருப்பினால் குமரி மாவட்டத்துக்கு லாபம். வாழை, தென்னை, மரச்சீனி எல்லாமே பொட்டாஷ் தின்கிற பயிர். பற்றாக்குறையும் கடத்தலும் குறையும், பாட்டில் கட்டுவதும் குறையும்.

---

தேரூர்_வயல்

திட்டத்தான் வேண்டும் அண்ணாச்சி. மேற்கே விளை வைத்திருப்பவர்களுக்கு லாபம், எங்களுக்கு? ஏக்கருக்கு இரண்டு மூடைக்கு மேல் யூரியா போகிறது. நெல்லுக்கு இந்த வருஷம் அரசு கொள்முதல் குவிண்டால் 2,405. அறுவடை மெஷின் வாடகை, நடவுக் கூலி எல்லாம் ஏறிவிட்டது. மாவட்டத்தில் வயல் இருந்த இடமெல்லாம் தென்னையும் வாழையும் கட்டடமும் ஆகிவிட்டது, மிச்சம் இருக்கிற நாங்கள் நிற்பதே யூரியா ஒன்றாவது மலிவு என்பதால்தான். அதையும் ஏற்றிவிட்டுப் பொட்டாஷுக்குக் கொடுப்பார்கள் என்று என்ன உத்தரவாதம்? கேஸ் இறங்கினபோது மிச்சத்தைத் திருப்பித் தந்தார்களா, நீங்கள்தானே கணக்குப் போட்டுக் காட்டினீர்கள்?

---

தக்கலை_ரிட்டயர்டு

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை அம்மா. நூறு ரூபாய் நெல்லுக்குக் கனம் என்பதும் சரி. பொட்டாஷ் மானியம் 2.38 என்பதில் மட்டும் நான் மாறமாட்டேன், அது அநியாயம்.

---

தேரூர்_வயல்

அது அநியாயம்தான். அதற்கு மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன், மாவட்ட ஆட்சியர் ஆபீசில் மாதாந்திர விவசாயிகள் கூட்டத்தில் கொடுக்கலாம். யூரியாவைத் தொட்டு எழுதினால் போடமாட்டேன்.

---

அருமனை_வாழை

மனுவை நான் எழுதி இங்கே போடுகிறேன், திருத்திக் கொடுங்கள். மார்த்தாண்டம் கடைக்காரரே, சூப்பர் இருப்பு இருக்கிறதா? பதினைந்து மூடை வேண்டும்.

---

மார்த்தாண்டம்_உரக்கடை

தூள் சூப்பர் எட்டு மூடை இருக்கிறது. குருணை வரும் வாரம் வரும், விலை கொஞ்சம் கூடுதல். ஆதார் அட்டை மறக்காமல் கொண்டுவாங்க, காலையிலேயே வந்தால் மெஷின் ஒழுங்காக ஓடும்.